ஒத்தையா ரெட்டையா

"ஒத்தையா, ரெட்டையா?" என்று கேட்டுவிட்டு கமாலுதீன் பாய் கண்ணாடி டம்ளரில் மிச்சமிருந்த டீயை ஒரே வாயில் முடித்தார். குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி விற்கிற கடை அது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் கேட்கிற முதல் கேள்வியே அதுதான். ஒரு சீட் வண்டியா, ரெண்டு சீட் வண்டியா, அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் அது வண்டியைப் பற்றிய கேள்வியாக இல்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரு கண் தூக்கம் போடாமல், ஏழு வயசு ஜெகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு, நாலு வயசுச் சின்னவன் மோனி சட்டை நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, புரசைவாக்கத்து நெரிசலில் நீந்தி, இந்த மாடிக்குப் பத்தொன்பது படி ஏறி வந்திருந்தான். வண்டிக் கடையை மாடியில் வைத்த புண்ணியவான் யாரோ. பதில் இல்லாமலும் அவன் வரவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது லோகேஸ்வரி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போனாள்: "ஒத்தை வாங்கு. ரெட்டை வண்டி இந்த வாசப்படி ஏறக் கூடாது." ஒரே தெருவில் வளர்ந்து கட்டிக்கொண்டவர்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் நீ வா போதான். அவள் சொன்னபடி ஒத்தை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மூன்றெழுத்து. "மொதல்ல பார்க்கறேன் பாய்" என்றான்.

பாய் எழுந்து வந்து ஜெகனின் தாடையைத் தொட்டார். "இன்னா ராஜா, மீசை மொளைக்கப் போற ஆளு, இன்னும் அப்பா இடுப்பை விட்டு எறங்க மாட்டியா?" ஜெகன் கூசவில்லை. இந்தக் கேள்விக்கு அவனிடம் எப்போதும் ஏதாவது ஒரு பதில் இருக்கும். "காலுக்கு லீவு விட்டிருக்கேன் பாய்." பாய் சிரித்தார். "எத்தினி நாளைக்கு?" "அது சொல்ல மாட்டேங்கறாங்க. ஸ்கூல் லீவு மாதிரி தேதி கெடையாது." பாயின் சிரிப்பு பாதியில் நின்றது. ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தார், பிறகு பையனின் கால்களைப் பார்த்தார். அந்தக் கால்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏமாந்துபோகிற கால்கள். கெண்டைச்சதை கல் மாதிரி திரண்டு ஓட்டப்பந்தயக்காரன் கால் போல இருக்கும். மூன்று வயசில் அவனைத் தெருவில் நிறுத்தி ஏகாம்பரமே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான்: வந்து பாருங்கடா, கபடிக் காலுடா இது, புடிச்சா வுடாது. கூட வேலை பார்க்கிற தயாளன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அதை அமுக்கிப் பார்த்துவிட்டு பயில்வான் என்று பட்டம் கட்டிப் போனான். பட்டம் நிலைத்துவிட்டது. பயில்வான் வா, பயில்வான் சாப்பிடு, பயில்வான் ஒண்ணுக்குப் போய்ட்டு வந்து படு. லோகு தினமும் அந்தக் கெண்டைக்கு நல்லெண்ணெய் தேய்த்தாள், இன்னும் திரளட்டும் என்று. இது தசையைக் கரைக்கிற நோய், தசை கரைந்து அந்த இடத்தில் கொழுப்பு வந்து அடைந்துகொண்டால் அப்படித்தான் உருண்டு தெரியும் என்று நாலு வருஷம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொன்னாள், காகிதத்தில் ஒரு காலை வரைந்து, அதன் கெண்டையைப் பேனாவால் கறுப்பாக அடித்துக்கொண்டே. இதை வச்சிதான் நாங்க முதல்ல சந்தேகப்படுவோம் என்றாள். அவர்கள் எதை வைத்துச் சந்தேகப்படுவார்களோ அதை வைத்துத்தான் அவன் தெருவெல்லாம் பெருமை அடித்திருக்கிறான். அந்தக் காகிதத்தில் பேனா போய் வந்த சத்தம், கரக் கரக் கரக், இப்போதும் சில நேரம் காதுக்குள் கேட்கும். நிறுத்தும்மா, போதும், கறுப்பாயிடுச்சு என்று சொல்ல வாய் வந்தது அன்றைக்கு.

டாக்டரம்மா கோபமாகவோ அவசரமாகவோ பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இது அம்மா வழியா வரும், பொதுவா ஆம்பளைப் பிள்ளைங்களைத்தான் பிடிக்கும், உங்க வீட்டுப் பக்கம் யாருக்காவது இப்படி இருந்துச்சா என்று லோகுவிடம் கேட்டாள். லோகு யோசிக்கவே இல்லை, "அய்யோ அதெல்லாம் இல்ல மேடம், எங்க அண்ணனுக்குப் போலியோதான்" என்றாள். சொன்ன வாய் அப்படியே திறந்தபடி நின்றது. பதினாறு வயசில் செத்துப்போன அண்ணன். கடைசி ஆறு வருஷம் கட்டிலை விட்டு இறங்காத அண்ணன். அவள் வீட்டில் அத்தனை பேரும் போலியோ போலியோ என்றே சொல்லிச் சொல்லி, போட்டோவுக்குப் பூ வைக்கும்போதுகூடப் போலியோ என்றே சொல்லி, ஒரு வார்த்தையால் இருபது வருஷம் ஒன்றை மூடி வைத்திருந்திருக்கிறார்கள், மூடியிருக்கிறோம் என்று தெரியாமலே. பிறகுதான் ஏகாம்பரம் கேட்டான், வீட்ல இன்னொரு பையன் இருக்கான் மேடம். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். பாதிக்குப் பாதி, ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம் என்றாள். பாதிக்குப் பாதி. சின்ன வயசு விளையாட்டில் புளியங்கொட்டையை உள்ளங்கையில் மூடி முகத்துக்கு நேராக நீட்டி, ஒத்தையா ரெட்டையா சொல்லு, சொல்லுடா சீக்கிரம் என்று கத்துவார்கள். எத்தனை கொட்டை உள்ளே இருக்கிறது என்பது கை மூடின அந்த நிமிஷமே முடிவாகிவிட்ட விஷயம், கத்துவதால் ஒன்று கூடப்போவதும் இல்லை, குறையப்போவதும் இல்லை, ஆனாலும் கத்துவார்கள். மோனியின் விரல் அளவு இருந்த குழாயில் ரத்தத்தை நிரப்பி வெளியூருக்கு அனுப்பி இருபத்து மூன்று நாள் ஆகிறது. இருபது நாளில் வந்துடும், நாங்களே போன் பண்றோம் என்றார்கள். மூன்று நாளாகச் சட்டைப்பையில் போன் கிடக்கிற இடத்தில் மட்டும் நெஞ்சு சூடாக இருக்கிறது.

அந்த இருபத்து மூன்று நாளும் ஏகாம்பரம் பார்த்ததெல்லாம் சின்னவன் தரையிலிருந்து எழுந்திருப்பதைத்தான். ஜெகன் எழுந்திருக்கிற விதம் அவனுக்கு மனப்பாடம்: குப்புறத் திரும்பி நாலு காலில் நிற்பான், புட்டத்தை மேலே தூக்குவான், ஒரு கையை முழங்காலில் வைப்பான், இன்னொரு கையைத் தொடையில் வைப்பான், கையை மேலே மேலே மாற்றி வைத்துத் தன் காலையே பிடித்துத் தன்மேலேயே ஏறி நிமிர்வான். மோனியும் தொடையில் கை வைக்கிறான். எப்போதும் இல்லை. தூங்கி எழுந்ததும் வைக்கிறான், பந்து உருண்டால் வைப்பதில்லை. இல்லை, முந்தாநாள் பந்து உருண்டபோதும் வைத்தான். வைத்தானா? இடது கையில் முறுக்கு இருந்தது, வலது கை கதவு மறைவில் இருந்தது, தெரியவில்லை, பந்தை மறுபடி உருட்டிவிட்டுப் பார்த்தால் அவனுக்கு விளையாட்டில் ஆசை போய்விட்டது. மோனி அண்ணன் செய்கிறதையெல்லாம் செய்கிறவன். அண்ணன் தும்மினால் தும்முவான். அண்ணனுக்குப் பல் விழுந்தபோது தனக்கு விழவில்லையே என்று ஒரு பகல் முழுக்க அழுதவன். அப்படிப்பட்டவன் அண்ணன் எழுந்திருக்கிற மாதிரி எழுந்திருந்தால் அதில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஏன் தனியாக இருக்கும்போதும் வைக்கிறான்? ஏகாம்பரம் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் பதினெட்டு வருஷமாக ராத்திரி ஆபரேட்டர். நாலு மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, மூணாம் நம்பரில் பேரிங் போகப் போகிறது என்பான், ஒரு வாரத்தில் போகும். இஞ்சினியரே அவன் காதை நம்புவார். அந்தக் காதைக் கொண்டுவந்து பிள்ளையின் நடையில் வைத்துக் கேட்கிறான். டப் டப் டப். குதிகால் தரையில் படுகிறதா, முன்னங்காலிலேயே போகிறானா? மோட்டாருக்கு நடிக்கத் தெரியாது. பிள்ளைக்குத் தெரியும். ஒருநாள் தாங்காமல், "ஏன்டா கை வைக்கிற, கையை எடுடா" என்று தொடையில் சுளீரென்று அடித்தேவிட்டான். மோனி வீறிட்டான், "அண்ணா மட்டும் வைக்கிறான்ல." அன்றிலிருந்து ஜெகன் தம்பி எதிரில் எழுந்திருப்பதில்லை. தம்பி அறையை விட்டுப் போகிற வரைக்கும், சிறுநீர் முட்டினாலும், சுவரோரம் உட்கார்ந்தே இருக்கிறான்.

"சார், இதுல உக்கார வச்சிப் பாருங்க" என்று பாய் ஒரு நீல வண்டியை விரித்தார். ஜெகனின் முழங்கால் மோவாயைத் தொட்டது. "இது மூணு வயசோட சரி, பதினைஞ்சு கிலோதான். அண்ணன் இருபது இருப்பாரு, இல்ல?" இருபத்தொன்று. இருபத்தொரு கிலோ என்பது எடைமிஷினில் ஒரு எண். ரயில்வே சுரங்கப்பாதையின் சரிவில் அது வேறு ஏதோ ஒன்று. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒண்ணரை கிலோமீட்டர், நடுவில் அந்தச் சுரங்கப்பாதை, தண்டவாளத்துக்கு அடியில் ஆள் நடக்க மட்டும் விட்ட வழி, ஆட்டோ நுழையாது, சுற்றிப் போனால் நாலு மடங்கு. லோகு ஏழு மணிக்கே தையல் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். ஷிப்ட் முடிந்து வந்து அவன்தான் பெரியவனைத் தூக்கிக்கொண்டு சின்னவனைப் பக்கத்துப் பால்வாடிக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். பாதி வழியில் சின்னவன் நிற்பான். "காலு வலிக்குது. தூக்கு." வலிக்கிறதா, பொறாமையா? எங்கே வலிக்குது, இங்கேயா, இங்கேயா என்று நடுரோட்டில் குனிந்து அமுக்கிப் பார்ப்பான், பள்ளிக்கூட மணி அடிக்கும். காலாண்டு லீவுக்கு முந்தின நாள் இரண்டு பேரையும் ஒன்றாகத் தூக்கினான், ஒருத்தன் இடுப்பில், ஒருத்தன் தோளில். சரிவில் ஈரம். முழங்கால் இரண்டும் மடங்கி, மூன்று பேரும் சுவரில் மோதி விழுந்ததில் ஜெகனுக்கு உதடு கிழிந்தது. கிழிந்த உதட்டோடு அவன் சொன்னது, "பரவால்லப்பா, ஸ்கூலுக்கு லேட்டாவுது." அந்த லீவு இன்றோடு முடிகிறது. நாளைக்குக் காலையில் அதே சரிவு. சைக்கிள் பார்த்தாயிற்று, பின்சீட்டில் ஜெகனால் இடுப்பை நிறுத்திப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, சரிந்து சரிந்து போனான். தயாளன் மீன்பாடி வண்டி ஒன்று இருக்கிறது, பெட்டி வைத்து வெல்டிங் பண்ணித் தருகிறேன் என்றான், அதைக் கேட்டு லோகு அவனை வீட்டை விட்டே துரத்தினாள், எம்புள்ளைங்க என்ன வஞ்சிரமா என்று. சக்கர நாற்காலி என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற ஒருவரைப் போல.

கடையில் அப்போது இன்னொரு ஜோடியும் இருந்தது, ஏழெட்டு மாத வயிற்றோடு ஒரு பெண், கூட அவள் புருஷன். சாம்பல் நிறத்தில் ஒரு வண்டியை அவள் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி மெதுவாக. "இப்ப எடுத்துட்டுப் போவ வேணாம்மா" என்று பாய் அங்கிருந்தே சொன்னார், "புக் பண்ணிட்டுப் போ. பேரு கூட வேணாம், நம்பர் குடு. நல்லபடியா பொறந்தப்புறம் ஒரு போனு, வண்டி வீட்டு வாசல்ல நிக்கும். நம்ம கடையில பாதிப் பேரு அப்படித்தான்." அந்தப் பெண் ஜெகனை, அவன் முழங்காலை, கீழே தொங்குகிற பாதத்தைப் பார்த்தாள். பார்வையை எடுத்துக்கொண்டாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. ஏகாம்பரத்துக்குக் கோபம் வரவில்லை, அவள் இடத்தில் லோகு இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். லோகு சொல்வதும் இதேதான். மோனி வயிற்றில் இருக்கும்போது ஜெகனின் பழைய தொட்டில் துணியைக்கூடத் துவைத்து வைக்க விடவில்லை அவள், பொறக்கட்டும், அப்புறம் துவைச்சுக்கலாம் என்றாள். எது வர வேண்டாமோ எது வர வேண்டுமோ அதற்கு முன்கூட்டி இடம் போட்டு வைக்கக் கூடாது. ரெண்டாவது சீட்டை வாங்கி வீட்டில் நிறுத்தினால் அது சும்மா இருக்காது, ஆளைக் கேட்கும் என்கிறாள். "மோனி நடக்கட்டும். அழுதாலும் நடக்கட்டும். நடந்தாத்தான் நமக்குத் தெரியும்." தெரிந்து என்ன செய்யப்போகிறோம்?

பாய் உள்ளே போய் ஒரு பெரிய ஒத்தை வண்டியோடு வந்தார். துணிச் சாய்வு, அகலமான சீட், இருபத்தைந்து கிலோ வரைக்கும் தாங்குமாம். ஜெகன் அதில் பொருந்தி உட்கார்ந்தான். பின்பக்கம் அச்சுக்கு மேலே சின்னச் சக்கரம் வைத்த ஒரு பலகையை மாட்டினார். "அண்ணன் உக்காந்துப்பான், தம்பி பின்னாடி இதுல நின்னுக்குவான், கைப்பிடியைப் புடிச்சிட்டு. ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி. இப்ப வெளிநாட்டுல எல்லாம் இதான்." நின்றுகொள்வான். ஏகாம்பரத்துக்கு ஒரு கணம் மூச்சு லேசாயிற்று. சீட்டும் இல்லை, நடையும் இல்லை, லோகுவிடமும் ஒத்தை என்றே சொல்லலாம், இதைவிட நல்ல வழி இருக்க முடியாது. மோனி கூத்தாடிக்கொண்டு ஏறினான். "ஹாரன் அடிண்ணா!" "பீப் பீப்" என்றான் ஜெகன். ஏகாம்பரம் கடையின் நடுவழியில் தள்ளிக்கொண்டு போனான், தொட்டில்கள், நடைவண்டிகள், பிளாஸ்டிக் குதிரைகள், கோடியில் சுவர், திரும்பி மறுபடி. பிள்ளையின் முதுகு அவன் வயிற்றில் உரசிக்கொண்டு வந்தது. சூடான சின்ன முதுகு. முழங்கால் நடுங்குகிறதா? பலகைதான் அதிர்கிறது. டைல்ஸ் இணைப்பில் சக்கரம் ஏறி இறங்குகிறது. இல்லை, டைல்ஸ் இல்லாத இடத்திலும். மூன்றாவது சுற்றில் மோனி பலகையிலேயே மடங்கிக் குந்தினான். "காலு வலிக்குது." "நில்றா கண்ணு, இன்னும் ஒரு ரவுண்டு." "வலிக்குது." "நிக்கச் சொல்றேன்ல!" குரல் கடை முழுக்க அடித்தது. பிளாஸ்டிக் குதிரைகூடத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. மோனி பலகையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தான், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு. பிறகு எழுந்தான். ஏகாம்பரம் பார்க்கக் கூடாது என்று நினைத்து முடிப்பதற்குள் பார்த்துவிட்டான். வலது கை, தொடையில். "நடிக்கிறான் சார் கள்ளன்," பாய் சிரித்தார், "எம்பேரனும் இப்படித்தான், பள்ளிவாசலுக்குக் கூப்ட்டா காலு வலி, பரோட்டாக் கடைக்குன்னா குதிரை." அந்த ஜோடியும் சிரித்தது. நடிக்கிறானோ? நடிக்கிறான் என்று பாய்க்குத் தோன்றுகிறதென்றால், எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர், நடிப்புதான். ஆனால் தன் கண்ணுக்கு ஜெகன் பயில்வானாகத் தெரிந்தான் இல்லையா, அப்போதும் நாலு பேர் கூட நின்று சிரித்தார்கள் இல்லையா? இனி எவர் கண்ணை நம்புவது? கண்ணைப் பிடுங்கிப் போட்டுவிட்டால்கூடத் தேவலை, இருபத்து மூன்று நாளாக ஒரு பிள்ளையின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கிற இந்தக் கண்ணை.

அவன் நிற்கிற நிலையைப் பார்த்து பாய் என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பெரியவனுக்கு இந்த வண்டியெல்லாம் ஒரு வருஷம் ஓடும், மிஞ்சினா ரெண்டு. பேசாம வீல்சேரே வாங்கிடலாம். எம்மச்சான் கடை பக்கத்துலதான்." ஏகாம்பரம் தலையாட்டினான், அந்த வார்த்தை தன்னைத் தாண்டிப் போய் ஜெகனின் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தான். விழுந்திருக்கும். ஜெகன் வண்டியின் பக்கத்துணியில் ஒரு நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். "ரெட்டை இருக்கா பாய்?" அது தன் குரல்தான் என்று ஏகாம்பரத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. பாய் மூலையில் தூசித்துணி போர்த்திக் கிடந்த ஒன்றை இழுத்தார். இரட்டைப் பிள்ளைகளுக்காக யாரோ சொல்லி வரவழைத்து, வாங்க வராமல் போனது. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு சீட், ஒவ்வொன்றும் பெரிய அளவு, கனமான சக்கரம். ஏகாம்பரம் ஜாண் போட்டு அளந்தான். வீட்டு வாசல் முப்பது இஞ்சு, வண்டி இருபத்தொன்பது. வாசலில் நுழையும். நுழைந்த பிறகு எங்கே நிறுத்துவது? நிறுத்தினால் மற்ற சீட்டு ஆளைக் கேட்கும். கேட்கட்டும். ஒன்று அவனுக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது, தெரிந்ததும் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது: இந்த ரெண்டாவது சீட்டை அவன் ஆசைப்பட்டுக்கொண்டுதான் மாடி ஏறி வந்திருக்கிறான். மோனி அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டியதில்லை. குதிகால் சத்தத்தைக் கேட்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பார்த்து நோய் இருக்கிறதா இல்லையா என்று எவனாலும் சொல்ல முடியாது, பெற்றவனால்கூட. நாலு வயசுப் பையனின் நல்ல காலை, நல்ல காலாக இருந்தால், தன் பயத்துக்காக மடக்கி மூடி வைக்கப் பார்க்கிறானே, இவன் ஒரு தகப்பனா? வேண்டாம். ஒத்தை போதும். பலகையும் வேண்டாம், நடக்கட்டும். "பாய், அந்த..." என்று ஆரம்பித்தான்.

"அப்பா, ரெட்டையே எடுப்பா" என்றான் ஜெகன். நூலைப் பிடுங்குவதை நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. "தம்பி நடக்கணும்டா. நடந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்கல்ல." "தெரியும். ஸ்கூல் கிட்ட வரைக்கும் நடக்கட்டும். கேட் கிட்ட வந்ததும் ஏறிக்கட்டும்." "அது ஏன்டா?" ஜெகன் கணக்கு சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "நான் மட்டும் உக்காந்துட்டுப் போனா எல்லாரும் என்னைப் பார்ப்பாங்க. ரெண்டு பேர் உக்காந்துட்டுப் போனா வண்டியைப் பார்ப்பாங்க." ஏகாம்பரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். இருபத்து மூன்று நாளாக அவன் இந்தப் பையனைப் பார்க்கவே இல்லை. சின்னவனின் கையைப் பார்த்தான், சின்னவனின் குதிகாலைப் பார்த்தான், பெரியவனை ஒரு மூட்டையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தான். அந்த மூட்டைக்குள் ஒரு ஆள் இருந்து, நாளைக் காலையில் பள்ளிக்கூட வாசலில் யார் யார் பார்ப்பார்கள், எப்படிச் சிரிப்பார்கள், எதை நீட்டி அவர்கள் கண்ணைத் திருப்புவது என்று தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். ரெண்டாவது சீட்டு பெரியவன் கேட்கிற சீட்டு. "ரெட்டையே போடுங்க பாய்" என்றான் ஏகாம்பரம். பாய் சக்கரத்துக்கு எண்ணெய் விடப் போனார். மோனி கூப்பிடாமலே ஓடிவந்து ரெட்டை வண்டியின் இடது சீட்டில் ஏறிக்கொண்டான். எப்படி ஏறினான் என்று ஏகாம்பரம் பார்க்கவில்லை, ஜெகனைத் தூக்கி வலது சீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். நெஞ்சுப் பக்கம் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். லோகு. தையல் கம்பெனியில் பத்து நிமிஷம் டீ இடைவேளை.

"வாங்கிட்டியா?" "ம்." "பெரியவன் உக்கார்ற அளவு கெடைச்சுதா?" "கெடைச்சுது லோகு." "ஒத்தைதான?" கடைக்கு வெளியே பஸ் ஹாரன் ஒன்று நீளமாக அடித்து ஓய்ந்தது. ஓயட்டும் என்று காத்திருந்தான், ஓய்ந்த பிறகும் காத்திருந்தான். "ரெட்டை" என்றான். அந்தப் பக்கம் பெண்கள் பேசுகிற இரைச்சல், டம்ளர் வைக்கிற சத்தம், யாரோ யாரையோ அக்கா என்று கூப்பிட்டார்கள். லோகுவின் குரல் பத்து வயசுப் பெண்ணின் குரலாக வந்தது. "ரிசல்ட் வந்துடுச்சா?" "அய்யோ, இல்ல. இன்னும் வரல." "போன் பண்ணாங்களா ஆஸ்பத்திரியில?" "இல்ல லோகு, பண்ணல. உம்மேல சத்தியமா பண்ணல. பெரியவன்தான் ஆசைப்பட்டான். அவன் மட்டும் தனியா உக்காந்தா..." சொல்லச் சொல்ல அது நொண்டிச்சாக்காக மாறுவது அவன் காதுக்கே கேட்டது. பிள்ளை சொன்னபோது அத்தனை நேராக இருந்தது, இவன் வாயில் வந்து கோணிக்கொண்டு, ஒரு ஆம்பளை எதையோ மறைக்கச் சொல்கிற பேச்சாகிவிட்டது. "எங்கிட்ட மறைக்காத." "மறைக்கல." "காலையில நான் அவ்ளோ சொல்லியும் நீ ரெட்டை வாங்குறன்னா உனக்குத் தெரிஞ்சிருச்சு. எப்ப வந்துச்சு? நேத்தா? ராத்திரி வேலையில இருக்கும்போதே தெரியுமா உனக்கு?" "கேளு லோகு, சத்தியமா எனக்கு ஒண்ணுமே தெரியாது." "அப்ப ஏன் வாங்கின?" அவனிடம் அதற்குப் பதில் இருந்தது, நல்ல பதில், அந்தப் பதில் எதிரே வலது சீட்டில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் கேட்க அதைச் சொல்ல முடியாது. திரும்பி நின்றுகொண்டு போனைக் கையால் மூடினான். "வீட்டுக்கு வா, எல்லாம் சொல்றேன்." சொன்ன மறு நிமிஷமே, சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை இது ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறவர்கள் சொல்கிற வார்த்தை. அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது, மேலே மேலே, படி ஏறுகிறவளைப் போல. "சின்னவன் எங்க?" "இங்கதான் இருக்கான்." "எங்க?" "எதிர்லதான் லோகு." "நிக்கிறானா, உக்காந்திருக்கானா?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தான். மோனி இடது சீட்டில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, அண்ணன் காதில் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உக்காந்திருக்கான்" என்றான்.